கறுப்பும் கறுப்பும் நடுவுல

கம்ப்யூட்டர் பெட்டியை ஒருமுறையாவது திறந்து பார்த்தவர்களுக்கு அந்தக் கனெக்டரைத் தெரிந்திருக்கும். இரண்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு, மொத்தம் 24 துளைகள். எஸ்.எம்.பி.எஸ்ஸிலிருந்து கிளம்பி வருகிற ஒயர் கூட்டத்தில் அதுதான் பருத்தது. மதர்போர்டின் ஓரத்தில் போய் 'டக்' என்று உட்காரும். நிறங்களை மனப்பாடம் செய்வது சுலபம். மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5, ஆரஞ்சு 3.3, கறுப்பு கிரவுண்டு. இவையெல்லாம் சோறு போடும் ஒயர்கள். இவற்றுக்கு நடுவே ஒற்றை ஒற்றையாக ஊதா, பச்சை, சாம்பல் என்று மூன்று போகும். அந்த மூன்றும் பேசுகிற ஒயர்கள்.

கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் ஊதாவில் 5 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும். வீட்டில் எல்லோரும் தூங்கினாலும் விழித்திருக்கும் பாட்டி மாதிரி. நீங்கள் பட்டனை அழுத்தியதும் மதர்போர்டு பச்சை ஒயரை கிரவுண்டோடு சேர்க்கும். 'எழுந்திரு' என்று அதற்குப் பொருள். சப்ளை எழுந்து எல்லா வோல்டேஜையும் கொடுக்க ஆரம்பிக்கும். ஆனால் உடனே போர்டு வேலையைத் தொடங்கிவிடாது. வோல்டேஜெல்லாம் நிலைக்கு வந்து, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு முதல் பாதி நொடிக்குள், சாம்பல் ஒயரில் 5 வோல்ட் ஏறும். 'எல்லாம் சரியா இருக்கு, நீ ஆரம்பி' என்று சப்ளை சொல்வது அது. அதற்குப் பிறகுதான் திரையில் எழுத்து வரும்.

இந்த உரையாடலை இன்டெல் 1995இல் ஏ.டி.எக்ஸ் என்ற பெயரில் எழுதி வெளியிட்டது. அப்போது 20 பின், பின்னால் 24 ஆனது. தைவானில் போர்டு செய்கிறவரும் சீனாவில் சப்ளை செய்கிறவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இருக்காது. ஆனாலும் சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் ஒன்றையும் அடுத்த கடையில் மற்றொன்றையும் வாங்கி மாட்டினால் ஓடும். முன்பின் தெரியாத இரண்டு பேர் வாக்குத் தவறாமல் நடந்துகொள்வதைத்தான் நாம் 'ஸ்டாண்டர்டு' என்கிறோம்.

எங்கள் கடையில் செத்துப்போன மெஷினில் இந்த 24 துளை இல்லை. ஆறுதான் இருந்தது.

*

ஏற்காட்டில் ஒண்டிக்கடையிலிருந்து கொஞ்சம் தள்ளி அம்மா ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். ஜெராக்ஸ் என்று பெயர்ப்பலகையில் இருந்தாலும் பாதி வேலை ஆன்லைன் விண்ணப்பங்கள்தான். சாதிச் சான்று, வருமானச் சான்று, காலேஜ் கவுன்சிலிங், பட்டா, ஆதார் நகல். இரண்டு கம்ப்யூட்டர். இரண்டும் ஏதோ பெரிய ஆபீஸில் ஐந்தாறு வருடம் உழைத்துவிட்டு, மொத்தமாக விற்கப்பட்டு, துடைத்துப் பளபளப்பாக்கி மறுபடி விலைக்கு வந்தவை. நல்ல மெஷின்கள். ஒல்லியான பெட்டி, சத்தமே கிடையாது. புதிதாக அசெம்பிள் செய்வதைவிடப் பாதி விலைக்கும் கீழே. இப்படிப்பட்ட மெஷின்கள்தான் இன்று சின்ன ஊர்களின் டியூஷன் சென்டர், மெடிக்கல் ஷாப், ஸ்டூடியோ எல்லாவற்றையும் ஓட்டிக்கொண்டிருக்கின்றன.

மே மாதம் ஏற்காட்டில் சாயங்காலம் இடி இல்லாமல் முடிகிற நாள் குறைவு. அப்படி ஒரு சாயங்காலம் கரண்ட் போய், வந்து, மறுபடி போய் வந்ததில் ஒரு மெஷின் எழுந்திருக்கவில்லை. பட்டனை அழுத்தினால் ஒரு சின்ன விளக்குகூட எரியவில்லை. எழுந்திருக்காததைவிட அந்த விளக்கு எரியாததுதான் முக்கியமான தடயம் என்று பிறகு புரிந்தது. விழித்திருக்க வேண்டிய பாட்டியே போய்விட்டார்.

'இதுக்கு அதே மாடல் சப்ளைதான் போடணும்' என்றார்கள் சேலத்தில். அந்த மாடல் சேலத்தில் இல்லை. வரவழைக்க மூன்று வாரம். விலை, மெஷினை வாங்கிய விலையில் பாதிக்கு மேல். மெஷினைச் செய்த நிறுவனத்தின் சர்வீஸில் கேட்டால், இந்த மாடலுக்கு ஆதரவு முடிந்துவிட்டது, புதிது வாங்கிக்கொள்ளுங்கள் என்று பணிவாகச் சொன்னார்கள். பெயர் எதற்கு? எந்தப் பெரிய நிறுவனத்தைக் கேட்டாலும் பணிவு ஏறக்குறைய இதே அளவில்தான் கிடைக்கும்.

ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி அடுத்த மெஷினில் போட்டு ஃபைல்களை எடுத்துவிட்டேன். அதனால் எதுவும் தொலையவில்லை. போனது நேரம். ஜூன் பிறக்கப்போகிறது. நாகலூர், மஞ்சக்குட்டை, இன்னும் உள்ளே இருக்கிற ஊர்களிலிருந்து ஆட்கள் பஸ் பிடித்து வருவார்கள். எஸ்டேட்டில் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வருகிறவர்கள். சர்வர் நல்ல மனநிலையில் இருந்தால் ஒரு விண்ணப்பத்துக்கு அரைமணி நேரம் ஆகும், இல்லாவிட்டால் முழு மதியமும் போகும். இரண்டு மெஷின் ஒன்றாகும்போது வரிசை இரண்டு மடங்காகும். கடைசியில் நிற்கிறவருக்குப் பஸ் போய்விடும். மறுநாள் மறுபடி வருவார், மறுபடி ஒருநாள் கூலி.

அம்மா கணக்கு நோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இன்னொன்னு வாங்கற அளவுக்கு இந்தக் கடை சம்பாதிக்கல பாப்பா. ஒன்ன வெச்சு ஓட்டறதுன்னா ஜனங்ககிட்ட தெனம் ஏச்சு வாங்கணும். பேசாம வாடகைக்கு விட்டுட்டு நான் வீட்ல இருந்துக்கறேன்."

சண்டையாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவர் அதைக் கூட்டல் கழித்தல் போட்டுவிட்டுச் சொன்னார்.

*

மாமாவை வரச் சொன்னேன். அம்மாவுக்கு அண்ணன். சேலத்தில் ரேடியோ, டிவி, அதன் பிறகு கம்ப்யூட்டர் என்று காலம் எதைக் கொண்டுவந்ததோ அதையெல்லாம் திறந்து பார்த்தவர். இப்போது கண் கொஞ்சம் மங்கல். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்ததில் தலைசுற்றல் வேறு. டீ குடித்துவிட்டு அந்த ஆறு பின் கனெக்டரைக் கையில் எடுத்து, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். சிரித்தார்.

"இவனுங்க இன்னும் திருந்தலயா?"

பிறகு ஒரு பழைய கதை சொன்னார். ஏ.டி.எக்ஸுக்கு முன்னால், ஐ.பி.எம் 1984இல் கொண்டுவந்த ஏ.டி. ரகத்தில், மதர்போர்டுக்கு இரண்டு கனெக்டர் வரும். பி8, பி9 என்று பெயர். இரண்டும் ஆறு ஆறு பின், பார்க்க இரட்டைப் பிள்ளைகள். பக்கத்தில் பக்கத்தில் மாட்ட வேண்டும். இடம் மாற்றி மாட்டினால் போர்டு புகையும். அதற்காக மெக்கானிக்குகள் ஒரு வாய்ப்பாடு வைத்திருந்தார்கள்: கறுப்பும் கறுப்பும் நடுவுல. இரண்டு கனெக்டரின் கறுப்பு ஒயர்களும் நடுவில் சேர்ந்து வந்தால் சரி. "வேலைக்குச் சேந்த பசங்களுக்கு மொத நாள் இதத்தான் சொல்லிக்குடுப்பேன் கண்ணு. பேர்கூட அப்பறந்தான் கேப்பேன்."

ஏ.டி.எக்ஸ் வந்தபோது அந்த வாய்ப்பாடு தேவையில்லாமல் போனது. ஒரே கனெக்டர். சில துளைகள் சதுரம், சில துளைகளுக்கு முனை மழுங்கல். திருப்பி மாட்டினால் உள்ளே போகாது. தவறு செய்ய முடியாதபடி வடிவத்திலேயே எழுதிவிட்டார்கள்.

ஆனால் வடிவத்தை நம்புவதிலும் ஆபத்து இருக்கிறது. 1990களின் இறுதியில் சில வருடங்கள் டெல் நிறுவனம் தன் டெஸ்க்டாப்களில் ஏ.டி.எக்ஸின் அதே 20 பின் கனெக்டரைப் பயன்படுத்தியது, ஆனால் உள்ளே ஒயர்களின் வரிசை வேறு. கடையில் வாங்கிய சப்ளை அதில் அழகாகப் போய் உட்காரும், கொக்கியும் மாட்டும். ஸ்விட்சைப் போட்டால் போகக்கூடாத இடத்துக்குப் போகக்கூடாத வோல்டேஜ் போகும். கம்ப்யூட்டர் பழுது நூல்கள் இதைத் தனியாகக் கட்டம் கட்டி எச்சரித்தன. பொருந்தாத பிளக் நம்மைத் தடுத்து நிறுத்துகிறது, அதுவே ஒரு உபகாரம். பொருந்துகிற பிளக்குக்குள் வேறு வரிசை இருந்தால் நம்மைத் தடுக்க எதுவும் இல்லை.

அந்த வகையில் எங்கள் மெஷினின் ஆறு பின் நேர்மையானது. 'நான் வேறு' என்று முகத்திலேயே சொல்லிவிட்டது.

*

வழக்கம்போல மாமாவிடம் ஒரு பழைய 450 வாட் எஸ்.எம்.பி.எஸ் இருந்தது. யாரோ வேண்டாம் என்று விட்டுப்போனது. அதன் பச்சையையும் கறுப்பையும் ஒரு ஜெம் கிளிப்பால் சேர்த்தார். விசிறி சுற்றியது. மீட்டரில் 12, 5, 3.3 எல்லாம் சரி. இனி இதன் பேச்சை அந்த ஆறு பின்னுக்குப் புரிய வைக்க வேண்டும்.

ஒயர் நிறத்தை வைத்து யூகிக்க வேண்டாம் என்றார். அந்த நிறுவனம் நிறத்திலும் தன்னிஷ்டம்தான். எங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம், அதே மாடல் இரண்டாவது மெஷின் உயிரோடு இருந்தது. நோயாளிக்குப் பக்கத்தில் கூடப்பிறந்தவரை உட்காரவைத்து இரத்தம் எடுத்த மாதிரி, அதைத் திறந்து கனெக்டரின் முதுகுப் பக்கமாக மீட்டரின் முனையை ஒவ்வொரு பின்னாக வைத்தோம். கரண்ட் இருக்க, மெஷின் அணைந்த நிலையில் ஒரு தடவை. ஆன் செய்து ஒரு தடவை. நான் எண்ணைச் சொல்ல, அம்மா கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினார்.

நோட்டில் வந்தது இது. இரண்டு பின் எப்போதும் பூஜ்யம்: கிரவுண்டு. ஒன்று, அணைந்திருக்கும்போது வோல்ட் காட்டி, ஆன் செய்ததும் பூஜ்யமாகிறது: அது நம் பச்சை. ஒன்று, அணைந்திருக்கும்போது பூஜ்யம், ஆன் செய்த கணத்துக்குப் பிறகு 5: நம் சாம்பல். ஒன்று சப்ளையின் விசிறி வேகத்துக்கானது, அதை விட்டுவிடலாம். கடைசி ஒன்று எப்போதும் விழித்திருக்கிறது. ஊதாவேதான். ஆனால் 5 இருக்க வேண்டிய இடத்தில் 12 இருந்தது.

சிக்கல் முழுவதும் இந்த ஒரு பின்னில்தான். இந்த ரக போர்டுகளுக்கு சப்ளை 12 வோல்ட் மட்டும் கொடுத்தால் போதும். 5, 3.3 எல்லாவற்றையும் போர்டே தனக்குள் இறக்கிக்கொள்ளும். ஹார்ட் டிஸ்க்குக்கான மின்சாரம்கூடப் போர்டிலிருந்துதான் போகிறது. யோசித்துப் பார்த்தால் இது நல்ல வடிவமைப்பு. ஒயர் குறைவு, வீணாகும் மின்சாரம் குறைவு. இன்டெல்லே 12 வோல்ட் மட்டும் உள்ள புதிய ஸ்டாண்டர்டு ஒன்றைப் பத்து பின்னோடு வெளியிட்டது. அதில் விழித்திருக்கும் பின்னிலும் 12தான். ஆக எங்கள் மெஷினின் நிறுவனம் யோசித்தது முட்டாள்தனம் இல்லை. யோசித்ததைத் தனக்கு மட்டும் வைத்துக்கொண்டதுதான் பிரச்சினை.

நகம் அளவுள்ள பூஸ்ட் மாட்யூல் ஒன்று கிடைக்கிறது. குறைந்த வோல்டேஜை வாங்கிக் கூட்டிக் கொடுக்கும். விலை ஒரு மசால் தோசைக்குக் கீழே. ஆனால் ஒன்றும் சும்மா வராது, வோல்டேஜ் கூடினால் ஆம்பியர் குறையும். எங்கள் சப்ளையின் ஊதா ஒயர் தருவது 5 வோல்ட், 2 ஆம்பியர், அதாவது 10 வாட். அதை 12 ஆக்கினால் சேதாரம் போக முக்கால் ஆம்பியருக்குக் கொஞ்சம் கீழே மிஞ்சும். அணைந்திருக்கும் போர்டு எவ்வளவு கேட்கிறது என்று மீட்டரைத் தொடரில் போட்டுப் பார்த்தோம். 100 மில்லி ஆம்பியரைக்கூடத் தொடவில்லை. தாராளம்.

மாட்யூலில் ஒரு பித்தளைத் திருகு இருக்கும். அதைத் திருப்பி 12க்கு வைத்த பிறகுதான் போர்டுப் பக்கம் கொண்டுபோக வேண்டும். கடையிலிருந்து வரும்போது அது 20க்கு மேலும் இருக்கலாம். நான் திருப்பினேன், மாமா மீட்டரைப் பார்த்தார். 17... 14... 12.1. "நிறுத்து."

செத்த சப்ளையின் கனெக்டரை ஒயரோடு வெட்டி எடுத்துக்கொள்ள அதன் மூடியைத் திறக்க வேண்டியிருந்தது. அதை மட்டும் என்னைச் செய்ய விடவில்லை. "பிளக்கப் புடுங்கிட்டா எல்லாம் ஆச்சுன்னு நெனைக்காத. உள்ள பெரிய கெபாசிட்டர் உக்காந்திருக்கும். 230ன்னு வீட்டுக்கு வர்றது அதுக்குள்ள போனா 325 வோல்ட்டா நிக்கும். அது எறங்கற வரைக்கும் தொடக்கூடாது." காலையில் பிளக்கைப் பிடுங்கிய சப்ளையைச் சாயங்காலம் திறந்தார். திறந்தும் முதலில் மீட்டரைத்தான் வைத்தார்.

அதற்குப் பிறகு வேலை கையால் ஆனது. ஒயரைச் சீவுவது, முறுக்குவது, முதலில் ஸ்லீவைக் கோத்துவிடுவது, சால்ட்ரிங் அயனைக் காய வைப்பது, ஈயம் ஒயருக்குள் ஊறிப்போகும்வரை பொறுப்பது, ஸ்லீவை இழுத்து மூடிச் சூடு காட்டுவது. வெளியே பனி இறங்கி ரோடு தெரியவில்லை. கடைக்குள் ரெசின் புகை. மாமாவின் கை லேசாக நடுங்கும், ஈயம் தொடும் இடத்தில் மட்டும் நடுங்காது.

*

ஸ்லீவ் ஆறுவதற்காகக் காத்திருந்தபோது அடுத்த மெஷினில் அம்மா ஒரு அண்ணனுக்குச் சாதிச் சான்று விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தார். அவர் மகளுக்கு. எங்கள் மலையில் பெரும்பாலான ஊர்கள் மலையாளி மக்களுடையவை. கேரளத்தோடு சம்பந்தமில்லை. மலையை ஆள்கிறவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் என்பார்கள். பட்டியல் பழங்குடியினர்.

ஆனால் அந்தப் பட்டியலில் அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு அடைப்புக்குறி இருக்கிறது. தர்மபுரி, வடஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்ஆற்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களில் மட்டும் என்று. ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில் அதே பெயரோடு அதே மக்கள் இருக்கிறார்கள். அன்றைய கோயம்புத்தூர் மாவட்டம் பட்டியலில் இல்லாததால், அதிலிருந்து பிரிந்த ஈரோட்டுக்காரர்களுக்கு அந்தச் சான்று கிடையாது. பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பெயர் ஒன்று, துளை ஒன்று, உள்ளே ஒயர் வரிசை வேறு. கம்ப்யூட்டர் விண்ணப்பத்தில் 'மாவட்டம்' என்ற கட்டத்தை அம்மா நிரப்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சேலம் என்று தட்டியதும் அடுத்த பக்கம் திறந்தது. ஒயருக்கு மாமா இருக்கிறார். வெட்டி, அளந்து, ஒட்டவைத்துவிடலாம். ஒரு அடைப்புக்குறிக்கு எந்த அடாப்டரும் கடையில் கிடைக்காது.

எந்தத் துளை எந்த வடிவத்தில் இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கிறவர்கள் எப்போதும் வேறெங்கோ இருக்கிறார்கள். பொருந்தாதபோது பஸ்ஸில் வந்து நிற்கிறவர்கள் நாம். சில இடங்களில் இது மாறத் தொடங்கியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் முதல் போன்களுக்கும் டேப்லெட்டுகளுக்கும் ஒரே டைப்-சி சார்ஜர் என்று சட்டமாக்கிவிட்டது. நம் நாட்டிலும் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு தளத்தைத் தொடங்கியது. போன், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள், விவசாயக் கருவிகள் ஆகியவற்றின் பழுது விவரங்களை நிறுவனங்கள் அங்கே தர வேண்டும் என்பது எண்ணம். நல்லதுதான். எங்களுக்கு அன்று தேவைப்பட்டதும் அவ்வளவுதான்: ஆறு பின்னுக்கு ஆறு வரி. அதை அச்சிட்டிருந்தால் ஒரு முழுப் பக்கம்கூட வேண்டாம்.

*

450 வாட் சப்ளை 150 மில்லிமீட்டர் அகலம், 86 உயரம். எங்கள் ஒல்லிப் பெட்டிக்குள் போக வழியே இல்லை. அதனால் வெளியே உட்கார்ந்திருக்கிறது. அம்மா ஒரு ப்ளைவுட் பெட்டி செய்யச் சொல்லி, காற்றுப் போகிற பக்கம் கொசுவலை அடித்தார். பல்லி உள்ளே போய்ச் செத்தால் சப்ளையும் கூடவே சாகும். இரண்டு பெட்டிகளின் இரும்பையும் ஒரு தனி ஒயரால் சேர்த்துத் திருகினோம், எர்த்துக்காக. 12 வோல்ட்டுக்கான நாலு பின்கள் இரண்டும் அளந்து பார்த்ததில் சரியாக இருந்தன. கடைசியாக ஆறு பின்னை மாட்டினோம்.

ஸ்விட்சைப் போட்டதும் அந்தச் சின்ன விளக்கு எரிந்தது. பாட்டி விழித்துக்கொண்டார். பட்டனை அம்மாதான் அழுத்தினார். விசிறி சுற்றியது. ஒரு கணம் ஒன்றும் இல்லை. சாம்பல் ஒயர் பேசுவதற்கு எடுத்துக்கொள்ளும் அந்தக் கணம். பிறகு திரை வந்தது.

"அவ்ளோதானா?" என்றார் அம்மா. வரிசையில் நின்ற அண்ணன் ஒருவர் அதற்குள் எழுந்து வந்து அந்த மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். வாடகைப் பேச்சு அதன் பிறகு வரவில்லை. ஜூன் முழுக்க இரண்டு மெஷினும் ஓடின.

மாமா மட்டும் கிளம்பவில்லை. பேப்பர் கேட்டார். "நாம பண்ணதும் ஊருல இல்லாத ஒயரிங்தான். நாளைக்கு எவனாவது இதத் தொறந்து, ஊதா ஒயரப் பாத்து அஞ்சு வோல்ட்டுன்னு நெனச்சுட்டான்னா? அவனுக்கு நாமளும் அந்தக் கம்பெனிக்காரனும் ஒண்ணுதான்."

அதனால் எழுதினோம். மாமா சொல்ல, அம்மாவின் கணக்கு நோட்டுக் கையெழுத்தில். பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டி, மேலே அகல செல்லோடேப் போட்டிருக்கிறது. ஒவ்வொரு பின்னுக்கும் ஒரு வரி. எந்த ஒயர் எங்கிருந்து எங்கே போகிறது, எந்த இடத்தில் 5, 12 ஆகிறது. கீழே, 'வேறு சப்ளை மாட்டுவதற்கு முன் அளந்து பார்க்கவும்.' தேதி. அதற்கும் கீழே, யாரும் கேட்காமலே, மாமா பேனாவை வாங்கித் தன் நடுங்கும் கையால் ஒரு வரி சேர்த்தார்: இதில் கறுப்பும் கறுப்பும் நடுவில் வராது.